பஞ்சுக் கிட்டங்கியில் கேட்ட மூன்றாவது கிடார்

இது நடந்தது. நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போங்கள். அடுத்தவன் சொல்வதை நான் லேசில் நம்புகிற ஆள் கிடையாது. பேய், முனி என்று எவனாவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்ட என் காதிலேயே விழுந்தது. அதுவும் ராத்திரி இல்லை, பட்டப்பகல். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடித் தேர் அன்றைக்கு. வருஷம் தொண்ணூற்றொன்று.

என் பெயர் சேக் முகைதீன். கழிவுப் பஞ்சு வியாபாரம். ராஜபாளையம் மில்களில் விழுகிற கழிவை வாங்கி, ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் ஓடுகிற தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் என் கிட்டங்கியில் அடைத்து, அங்கிருந்து பம்பாய்ப் பக்கம் பிவண்டிக்கு லாரி ஏற்றுவேன். படிப்பு ஐந்தாவது. எனக்கு இருந்தது ஒரே ஒரு கிறுக்கு. பேஸ் கிடார்.

கச்சேரி மேடையில் பாடுகிறவனுக்குப் பின்னால் ஒருத்தன் நாலு கம்பிக் கிடாரை மாட்டிக்கொண்டு நிற்பானே, அதுதான். அந்தச் சத்தம் காதில் விழாது, வயிற்றில் விழும். இளவட்டத்தில் நானும் ஒரு மெல்லிசைக் குழுவில் வாசித்தவன். வியாபாரம் வந்த பிறகு மேடையை விட்டேன், கிடார் சேர்ப்பதை விடவில்லை. மதுரை ரயில்வே காலனி ஆங்கிலோ இந்தியக்காரர்களிடம், பம்பாயில் மூடிப்போன ஓட்டல் பேண்டுகளிடம் என்று ஐந்து கிடார் சேர்த்து வைத்திருந்தேன்.

இதிலும் ஏமாற்று உண்டு. அறுபதுகளில் அமெரிக்காவில் செய்ததுதான் அசல். அதற்குக் கிராக்கி வந்ததும், எண்பத்திரண்டு வாக்கில் அதே மாடலை அதே அளவில், அதே ஆணியில் திரும்பச் செய்து விட்டார்கள். ரீ இஷ்யூ என்று பெயர். பார்த்தால் தெரியாது. கழுத்தைக் கழற்றினால் உள்ளே தேதி குத்தியிருக்கும் என்பார்கள். தேதியை எவன் வேண்டுமானாலும் குத்தலாம். நான் காதை மட்டும்தான் நம்புவேன்.

என் வழி இதுதான். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வேன். பின்னால் ஒருத்தன் இரண்டு கிடாரையும் மாற்றி மாற்றி வாசிக்க வேண்டும். எதை எடுத்தான் என்று சொல்லக் கூடாது. நான் பழசு, புதுசு என்று சொல்வேன். இதற்குப் பஞ்சுக் கிட்டங்கியைப் போல இடம் கிடையாது. நாலு பக்கமும் கூரை வரை மூட்டை. எதிரொலி வராது. பஞ்சு பறக்கும் என்று ஃபேன்கூட வைக்கவில்லை. ஆள் நடந்தால் காலடி கேட்காது.

அந்த ஆடியில் என் லாரி டிரைவர் குருசாமி பிவண்டியிலிருந்து ஒரு பேஸ் கிடார் கொண்டுவந்தான். கறுப்புப் பெயிண்ட், பளபளவென்று புதுக் கம்பி. பழைய சாமான் கடையில் கிடந்ததாம். ராஜபாளையத்தில் அவன் தெருவில் இருக்கிற ஜெயபாய் என்கிற பெண்ணின் காதுக்கு இது எப்படியோ போய்விட்டது. தேர் அன்று காலையில் அவனோடு கிளம்பி வந்து நின்றாள். அன்றைக்குத்தான் சுத்துப்பட்டில் தறி, மிஷின் எதுவும் ஓடாது, காது கொடுத்துக் கேட்கலாம் என்று நானும் அந்த நாளைத்தான் வைத்திருந்தேன்.

ஜெயபாயின் புருஷன் வைகுண்டராஜ் எங்கள் பக்கத்தில் பெரிய பேஸ் வாசிப்புக்காரன். அவனிடம் இருந்தது அசல் அறுபத்திரண்டாம் வருஷத்துக் கிடார். எண்பத்தேழில் பம்பாய்க்கு ஓட்டல் பேண்டில் வாசிக்க அந்தக் கிடாரோடு போனான். ஒரு வருஷம் கடிதம் வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை.

"அண்ணாச்சி, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இது அவிய கிடாரா, இல்லையா?"

"பெயிண்டு அடிச்சிருக்கு தாயி. கேட்டாத்தான் தெரியும்."

"அதுவா இருந்தா இன்னைக்கே தாலியைக் கழத்திடுதேன். உசிரு இருக்க வரைக்கும் அதை இன்னொருத்தன் கையில குடுக்க மாட்டாவ. என்னையக் குடுத்தாலும் குடுப்பாவ."

குருசாமி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை. அழுது முடித்து, அதற்குப் பிறகும் நாள் ஓடிவிட்ட முகம்.

"மூணு வருசமா ஊரு கேக்குது அண்ணாச்சி, இருக்காவளா செத்தாவளான்னு. எனக்கே தெரிய மாட்டேங்குது. பூ வைக்கவா, வேண்டாமான்னு தெனமும் காலையில யோசிக்கேன். ஏதாவது ஒண்ணு தெரிஞ்சாப் போதும்."

அவளை ஒரு சேரில் உட்கார வைத்தேன். என் அசல் பழசு ஒன்று, வந்த கிடார் ஒன்று, இரண்டையும் ஒரு மூட்டை மேல் கிடத்தி சத்தம் கூட்டும் ஆம்ப்பில் சொருகினேன். சுவர்ப் பக்கம் திரும்பினேன். மணி பதினொன்றே கால்.

குருசாமி வாசித்தான்.

"பழசு."

அடுத்தது.

"புதுசு."

மாற்றி மாற்றி வாசித்தான். வந்த கிடார் ஒவ்வொரு தடவையும் கணீர் என்று இளசாகப் பேசியது. சந்தேகமே இல்லை.

"இது உம் புருசனோடது இல்ல தாயி. ரீ இஷ்யூ."

எனக்குப் பின்னால் அவள் நீளமாக மூச்சு விட்டது கேட்டது.

நான் என்னையே நம்புகிறவன் இல்லை. "ஏலே, இன்னொரு தடவை வாசி" என்றேன். திரும்பவில்லை.

தூரத்தில் தேர் சத்தம். மேளம், அதிர்வேட்டு, சனங்கள் கோவிந்தா போடுவது. பஞ்சுக்குள் வந்து சேரும்போது அது யாரோ போர்வைக்குள் பேசுகிற மாதிரி இருந்தது.

செத்த நேரம் ஒன்றும் இல்லை.

பிறகு வந்தது.

டூம்...

என் கிடார் இல்லை. இதுவரை கேட்ட இன்னொன்றும் இல்லை. மூன்றாவது ஒன்று. கனமாக, ஈரமாக. வயிற்றில் இறங்கியது.

டூம்... டூம்...

ஒவ்வொரு சத்தத்துக்கும் முன்னால் சின்னதாக ஒரு 'டிக்'. நகம் கம்பியில் உரசுகிற சத்தம். மோதிர விரல் நகத்தை நீளமாக வளர்த்து வாசித்தவன் எங்கள் பக்கத்தில் ஒருத்தன்தான்.

"ஏலே குருசாமி... வைகுண்டராஜ் மாதிரி வாசிச்சுக் காட்டுதியோ?"



டிக்... டூம்... டிக்... டூம்...

இன்னொன்றும் உறைத்தது. நாலு கம்பியும் வெறும் கம்பியாகவே பேசியது. கழுத்தில் எங்கேயும் அமுக்கவில்லை. மேலிருந்து கீழே நாலு. திரும்ப மேலிருந்து கீழே நாலு. அதையேதான்.

"எடது கை என்னலே, தூங்குதா?"

டிக்... டூம்...

கழுத்துப் பின்னால் குளிர்ந்தது. ஆடி மாசம். அடைத்த கிட்டங்கி.

வாசல் பக்கமிருந்து குரல் வந்தது.

"தேரு திரும்புது பாய்! ஒரு எட்டுப் பாத்துட்டு வந்தேன். கரண்டை நிறுத்திட்டாம்லா?"

குருசாமி குரல்.

தேர் வந்தால் அந்தப் பக்கத் தெருவுக்கெல்லாம் கரண்டை நிறுத்திவிடுவார்கள். வருஷா வருஷம் அப்படித்தான்.

டிக்... டூம்...

திரும்பினேன்.

ஆம்ப்பில் சிவப்பு விளக்கு எரியவில்லை.

கிடார் இரண்டும் மூட்டை மேல் கிடந்தன.

கறுப்புக் கிடாரின் தடிக் கம்பியில் துளிப் பஞ்சு ஒட்டியிருந்தது.

அது நடுங்கிக்கொண்டிருந்தது.

நின்றது.

ஜெயபாய் சேரில் அசையாமல் இருந்தாள். கண் அந்தக் கிடார் மேலேயே இருந்தது.

"பாத்தியா?" என்றேன்.

"ம்."

"யாரு?"

"கை."

"என்னது?"

"வலது கை மட்டும். மணிக்கட்டு வரைக்கும். அவிய கைதான். நகம் இருந்துச்சு."

குருசாமி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு வாசலோடு நின்றுவிட்டான்.

அவள்தான் பேசினாள். சந்தைக்குப் போய் வந்த கதையைச் சொல்வது போலச் சொன்னாள்.

"செத்திருந்தா ஆளு முழுசா வந்திருப்பாவ அண்ணாச்சி. கை மட்டுந்தான் வந்திருக்கு. கைதான் செத்துப்போச்சு. அவிய இருக்காவ."

தாலியைச் சேலைக்குள் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"ஏ குருசாமி, அடுத்த லோடு என்னைக்குப் போவுது?"

கிறுக்கு பிடித்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. அடுத்த லாரியில் குருசாமியோடும் அவன் பெண்சாதி இசக்கியம்மாளோடும் பிவண்டிக்குப் போனாள். அந்தப் பழைய சாமான் கடையில் தொடங்கி ஒவ்வொரு மில் வாசலாக விசாரித்திருக்கிறாள். பொங்கலுக்கு முன்னால் அவனைக் கூட்டிக்கொண்டு ராஜபாளையம் வந்துவிட்டாள்.

உயிரோடு.

கேள்விப்பட்டதும் போனேன். வைகுண்டராஜ் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். வலது பக்கம் சட்டைக் கையை மடித்து ஊக்குக் குத்தியிருந்தது. மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

ஓட்டல் வேலை போய், ஒரு பஞ்சு மில்லில் மிஷினுக்குப் பஞ்சு தள்ளப் போயிருக்கிறான். எண்பத்தெட்டில் மிஷின் கையை இழுத்துவிட்டது.

"அதுக்கப்புறம் எந்த மூஞ்சியை வச்சு லெட்டரு போட, பாய்? இடது கையால எழுதினா இவ கண்டுபிடிச்சிருவா. கிடாரைக் கடையில போட்டேன். அவந்தான் பெயிண்டு அடிச்சு, கம்பி மாத்தி வச்சிருந்தான்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புதுக் கம்பி போட்டால் கிழட்டுக் கிடாரும் இளசாகத்தான் பேசும். இத்தனை வருஷம் காது காது என்று பேசியவன், கம்பியை மாற்றி ஒன்றுபோல் ஆக்காமலே கேட்டிருக்கிறேன். அது ரீ இஷ்யூ இல்லை. அவன் கிடாரேதான்.

ஆடியில் நடந்ததை அவனிடம் சொல்ல வாயெடுத்தேன். அவனே ஆரம்பித்தான்.

"கை போனாலும் இருக்க மாதிரியே இருக்கும் பாய். அரிக்கும், வலிக்கும். எல்லாத்துக்கும் அப்படித்தானாம், ஆஸ்பத்திரியில சொன்னாவ. ஆனா போன ஆடியில ஒரு பகலு, தன்னால வாசிச்சுச்சு. கம்பி புதுசு. விரலு எரிஞ்சுது."



"வாசிக்கும்போதே யாரோ கையைப் புடிச்சாவ."

ஜெயபாயாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். நான் சுவரைப் பார்த்து நின்றபோது எழுந்து போய்ப் புருஷன் கையைப் பிடித்திருப்பாள். நிலைப்படியில் காப்பித் தம்ளரோடு நின்ற அவளைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீயா தாயி?"

தம்ளரைக் கீழே வைத்தாள்.

"நான் சேரை விட்டு எந்திரிக்கவே இல்ல அண்ணாச்சி."

அன்றைக்குக் கிட்டங்கிக்குள் இருந்தது நான், அவள். குருசாமி தெருவில். வேறு யாரும் கிடையாது.

அந்தக் கறுப்புக் கிடாரைத் தேர் அன்று மத்தியானமே உள்ளேயே போட்டு, கிட்டங்கியை இழுத்துப் பூட்டியிருந்தேன். அதற்குப் பிறகு லோடு ஏற்றுவதெல்லாம் மம்சாபுரத்தில் வாடகைக்குப் பிடித்த இடத்தில்தான். சாவி என் இடுப்பில் இருந்தது. ஒரு ஆள்கூட உள்ளே போகவில்லை.

"எம்புட்டு நேரம் புடிச்சிருந்தாவ?" என்று கேட்டேன்.

வைகுண்டராஜ் ஊக்குக் குத்தின சட்டைக் கையைக் குனிந்து பார்த்தான்.

"இன்னும் விடலையே, பாய்."