மூணு மணிக்கு என்ன விளையாட்டு?

ஒண்ணாப்பு டீச்சர் என்றால் சின்னப் பிள்ளைகளைச் சமாளிக்கிறவள் என்று ஊர் நினைக்கிறது. அந்த வகுப்பு எடுத்தவர்களுக்குத்தான் தெரியும், பிள்ளைகள் அதுபாட்டுக்கு இருக்கும், சமாளிக்க வேண்டியது பெரியவர்களை. எண்பதுகளில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து, ராஜபாளையத்தில் மில்லுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒண்ணாப்பு எடுத்தேன். மூணு மணிக்குக் கடைசி பீரியடு. அதில் பிள்ளைகளை அவர்கள் இஷ்டத்துக்கு விளையாட விடுவேன். எதை வைத்து, யாரோடு, எப்படி என்று நான் வாயே திறக்க மாட்டேன். இது ஒரு குத்தமா? நீங்களே சொல்லுங்கள்.

கோன் மூட்டை

மில்லில் நூல் சுற்றுகிற அட்டைக் கோன்களில் நசுங்கியதைக் கழித்துப் போடுவார்கள். அதில் ஒரு மூட்டை கிடைக்குமா என்று கருப்பையாவிடம் கேட்டேன். என் வகுப்பில் படித்த பேச்சியம்மாளின் அப்பா அவர், மில் தொழிலாளி. மறுநாளே சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். அன்றைக்கே பிள்ளைகள் கோனை அடுக்கிக் கோபுரம் கட்டினார்கள். தலையில் கவிழ்த்து ராஜா ஆனார்கள், காதில் வைத்து டெலிபோன் பேசினார்கள். நான் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு ஒரே பூரிப்பு.

வாசலில் நின்று பார்த்த கருப்பையாவின் முகம் மட்டும் சுருங்கிவிட்டது. எண்ணிக்கை சொல்லிக் கொடுக்கத்தான் கேட்டேன் என்று நினைத்திருக்கிறார். “டீச்சர், நான் எட்டு மணி நேரம் இந்தக் கோனைத்தான் தூக்குதேன். எம் பிள்ளையும் இதைத் தூக்கவா பள்ளிக்கூடத்துக்கு அனுப்புதேன்?”

தட்டிக்கு அந்தப் பக்கம்

ஒண்ணாப்புக்கும் ரெண்டாப்புக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டி, அவ்வளவுதான். ரெண்டாப்பு சார் காலையில் இருந்து வாய்ப்பாட்டைக் கோரஸாகக் கத்தவிடுவார். எனக்குத் தலை இடிக்கும், ஒரு வார்த்தை சொன்னதில்லை. என் பிள்ளைகள் மூணு மணிக்குச் சிரித்தால் மட்டும் அவருக்குப் பொறுக்காது, பிரம்பால் தட்டியைத் தட்டுவார்.

ஒருநாள் நேரே வந்தே விட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “உங்க வாய்ப்பாட்டை நாள் பூரா நான் கேக்கலையா சார்?” என்றேன். மனுஷன் அசரவில்லை. “அது படிக்கிற சத்தம் டீச்சர். இது சும்மா இருக்கிற சத்தம்.”

மேஸ்திரி

பேச்சியம்மாளுக்குப் பேர்தான் பேச்சி. வகுப்பில் ஒரு வார்த்தை பேச மாட்டாள். ஆஜர் எடுக்கும்போதுகூடக் கையை மட்டும் தூக்குவாள். முழுப் பரீட்சையில் வாய்விட்டு வாசிக்காவிட்டால் ஒண்ணாப்பிலேயே நிறுத்திவிடுவது என்று எச்.எம். முடிவு பண்ணிவிட்டார். அப்படி நிறுத்தினால் பள்ளிக்கூடம் போதும், வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டட்டும் என்று அவள் அம்மா என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். ஆறு வயசுப் பிள்ளை!

ஒருநாள் மூணு மணிக்குப் பிள்ளைகள் கோன்களை ரெண்டு வரிசையாக நிறுத்தி மில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று ஒரு அதட்டல். “ஏலே முருகா, அங்கன நூலு அந்து போச்சு பாரு! முடிச்சைப் போடுலே! மேனேஜர் வந்தா யாரு பதில் சொல்லுவா?” பார்த்தால், பேச்சி! இடுப்பில் கை வைத்து மேஸ்திரியாக நிற்கிறாள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஓடிப்போய் எச்.எம்.மைக் கையோடு கூட்டி வந்தேன். நின்று நிதானமாகக் கேட்டார். “நல்லாத்தான் பேசுதா. ஆனா இதுல ஒரு வரிகூட புஸ்தகத்துல இல்லையே டீச்சர்.”

நோக்கம்

பரீட்சைக்கு முன்னால் கல்வி அதிகாரி ஒருவர் ஆய்வுக்கு வந்தார். வந்ததும் என் பாடக் குறிப்பு நோட்டை வாங்கினார். எந்தப் பீரியடில் என்ன நடத்தப் போகிறோம், அதற்கு நோக்கம் என்ன என்று முன்கூட்டியே அதில் எழுதிவைக்க வேண்டும். மூணு மணிக்கு நேரே ‘பிள்ளைகள் முடிவு செய்யும்’ என்று எழுதியிருந்தேன். சிவப்பு மையில் அடிக்கோடு போட்டார். “அவங்க என்ன விளையாடப் போறாங்கன்னு உங்களுக்கே தெரியாதா?” என்றார். “தெரியாது சார். தெரிஞ்சா அது அவங்க விளையாட்டு இல்ல, என் விளையாட்டு” என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. எச்.எம்.முக்கு வேர்த்துவிட்டது.

அதற்குள் மணி மூணு. மில் ஓட ஆரம்பித்தது. அதிகாரி அது தெரியாமல் ரெண்டு கோன் வரிசைக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார். பேச்சி அவரை அண்ணாந்து பார்த்து, “சார், வழியில நிக்காதீய. ஷிப்டு ஓடுது” என்றாள். போச்சுடா என்று நினைத்தேன். அவரோ வாய்விட்டுச் சிரித்து, ஓரமாக ஒதுங்கி, கடைசி வரை நின்று பார்த்தார். பேச்சியின் கதையை நான் சொன்னதும் எச்.எம். பக்கம் திரும்பினார். “இந்தப் பிள்ளையை நிறுத்தி வச்சீங்கன்னா நானே வந்து கேப்பேன்.”

விசில்

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் அந்த அதிகாரியிடமிருந்து ஓர் ஆர்டர் வந்தது. அவருக்கு அந்த விளையாட்டு அம்புட்டுப் பிடித்துப் போய்விட்டதாம். அதனால் தினமும் மூணு மணிக்கு ஒண்ணு முதல் அஞ்சு வரை எல்லா வகுப்பும் மைதானத்தில் வரிசையாக நின்று, ஆளுக்கொரு கோனுடன் மில் விளையாட வேண்டுமாம். முதல் விசிலுக்கு நூல் சுற்று, ரெண்டாவது விசிலுக்கு முடிச்சு, மூணாவதுக்கு ஷிப்டு முடிந்தது. மேஸ்திரி யார்? எச்.எம்.! நோக்கம்: ஒழுக்கம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த அதிகாரியைத் திட்டவும் வழியில்லை, பாராட்டியல்லவா கெடுத்தார்!

வெயிலில் பிள்ளைகள் கோனும் கையுமாக நின்றார்கள். ரெண்டாப்பு வரிசையில் பேச்சி. ஆமாம், பாஸாகிவிட்டாள். எச்.எம். விசில் ஊதிக் கொண்டிருக்கும்போதே மெதுவாக என் பக்கம் நகர்ந்து வந்து சேலையைப் பிடித்து இழுத்தாள். “டீச்சர், எச்.எம். சார் விளையாடி முடிச்ச பொறவு நாங்க விளையாடலாமா?”

என் சர்வீஸில் விளையாட்டை ஒழிக்கக் கிளம்பியவர்களிடமிருந்து அதை எப்படியோ காப்பாற்றிவிட்டேன், வளர்க்கக் கிளம்பியவரிடமிருந்துதான் முடியவில்லை.