என் தங்கையின் கால்

என் தங்கையின் இடது காலைத் தொடையின் நடுவில் வெட்டி எடுத்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. எடுத்துவிடுங்கள் என்று டாக்டரிடம் சொன்னவன் நான். அது எடுக்கத் தேவையில்லாத கால். இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அவள்தான் எல்லாரிடமும் சொன்னாள்.

அப்போது நான் சேலத்தை ஒட்டிய சூரமங்கலத்தில் ரயில்வே கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா. எனக்கும் என் மனைவிக்கும் ரயில்வே கொடுத்த இரண்டு அறை வீடு. அப்பா காலமாகிவிட்டார். அம்மாவும் தங்கையும் எங்கள் ஊரான ஜேடர்பாளையத்தில் இருந்துகொண்டு பூமியைப் பார்த்தார்கள். பார்த்தது தங்கைதான். வாய்க்கால் தண்ணீர் எங்கள் வயலுக்கு எந்த நாள் திரும்பும், எந்தப் பண்ணையாள் மடையைச் சரியாக அடைக்க மாட்டான், எந்த மாட்டுக்கு லாடம் தேய்ந்திருக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் அவளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. தை மாதம் கல்யாணம்.

ஆடியில் அவளுக்கு இடது முழங்காலுக்கு மேலே நோவு வந்தது. வரப்பில் வழுக்கியதால் வந்த சுளுக்கு என்று அம்மா நினைத்தாள். ஆவணியில் வீங்கியது. எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர் ஒருவர் வந்து, உளுந்து மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்துப் பூசி, மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டினார். பதினைந்து நாள் கழித்து அவிழ்த்தபோது கால் மெலிந்திருந்தது, வீக்கம் மட்டும் பெருத்திருந்தது. கெட்ட நீர் இறங்கியிருக்கிறது, சூடு போட்டால்தான் வற்றும் என்றார்.

சூடு போட்ட ஞாயிற்றுக்கிழமை நான் ஊரில் இருந்தேன். அவள் தோளைப் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு. கம்பி பழுத்து வந்ததும் அவள் என்னைப் பார்த்து, “அண்ணா, வேண்டாமுங்க, நோவு கொறைஞ்சுருச்சுங்க” என்றாள். குறையவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். நான் பிடியை விடவில்லை. மூன்று இடத்தில் இழுத்தார். மூன்றாவதில் அவளுக்கு நினைவு தப்பியது. அந்தப் புண்கள் ஆறுவதற்கே ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் காலை மடக்க முடியாமல் போனது.

ஐப்பசியில் நான் பத்து நாள் லீவு கேட்டு வாங்கினேன். எங்கள் ஆபீஸ் துரை லீவு என்றால் முகம் சுளிக்கிறவர். பதினோராவது நாள் காலையில் நாற்காலியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த நாற்காலியில் வேறு ஆள் இருப்பான் என்றார். வண்டி கட்டி நாமக்கல் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் சேலம் வந்தோம். வழியெல்லாம் குண்டும் குழியும். ஒவ்வொரு குழிக்கும் அவள் என் முழங்கையைப் பிடித்து நசுக்கினாள், வாயைத் திறக்கவில்லை. ராசிபுரத்தில் பஸ் நின்றபோது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவளை நிச்சயம் செய்த வீட்டார் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று.

சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தேன். எக்ஸ்ரே எடுப்பதற்குள் லீவில் நான்கு நாள் போய்விட்டது. டாக்டர் மதராசில் படித்தவர், ஐம்பது வயதிருக்கும், அனாவசியமாக ஒரு வார்த்தை பேசமாட்டார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தொடை எலும்பு முழங்காலில் முடிகிற இடம் ஊதிப் பெருத்து, உள்ளே சோப்பு நுரை போலக் குமிழ் குமிழாக இருந்தது.

“எலும்புக்குள் கட்டி. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று எலும்பைத் தின்னும், ஆளைத் தின்னாது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, இடுப்பெலும்பிலிருந்து சில்லு எடுத்து அந்தப் பள்ளத்தை அடைத்துவிடலாம். ஆறேழு மாதத்தில் நடப்பாள். இன்னொன்று நுரையீரலுக்குப் போய்விடும். அதுவாக இருந்தால் காலை எடுக்க வேண்டும், அப்புறமும் உறுதி சொல்ல முடியாது.”

“இது எதுங்க?”

“படத்தைப் பார்த்தால் முதல் வகை மாதிரி இருக்கிறது. கண்ணை மட்டும் நம்பிக் கத்தி எடுக்கக் கூடாது. ஒரு துண்டு வெட்டி மதராசுக்கு அனுப்புகிறேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பதில் வர மூன்று வாரம் ஆகும்.”

மூன்று வாரம் என்றதும் என் மனம் லீவைத்தான் எண்ணியது. இன்னும் ஆறு நாள். பதில் வந்த பிறகு அறுவைக்கென்று மறுபடி லீவு கேட்டால் துரை தரமாட்டார். அப்பா தாடையில் புற்று வந்து இரண்டு வருஷம் கிடந்து செத்தார், அந்தப் பயத்தில்தான் சொன்னேன் என்று பின்னாளில் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். அந்தக் காரணத்தை நான் பிறகு தேடிக்கொண்டேன். டாக்டரின் அறையில் நின்றபோது அப்பாவின் நினைவு எனக்கு வரவில்லை.

“இந்த மூணு வாரத்துல அது நுரையீரலுக்குப் போகாதுன்னு உங்களால சத்தியமாச் சொல்ல முடியுங்களா?” என்று கேட்டேன்.

அவர் படத்தை மேஜையில் வைத்தார். “அப்படி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் காத்திருப்பதுதான் சரி என்று நான் நினைக்கிறேன்.”

“காலை எடுத்துருங்க. அவளுக்குக் கார்டியன் நான்தானுங்க.”

“அந்தப் பெண்ணிடம் இரண்டையும் சொல்லுங்கள். அவள் சம்மதித்தால் எடுக்கிறேன்.”

பெண்கள் வார்டில் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவளோடு எருமை கன்று போட்டதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “அம்மிணி, காலை எடுக்கோணுமாம்” என்றேன்.

அவள் அழவில்லை. காலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“வேற வழி ஏதாச்சும் சொன்னாங்களாண்ணா?”

“இல்லை கண்ணு.”

“எடுக்காட்டி?”

“உசுரு போயிரும்.”

“அந்த ஊட்டுக்காரங்களுக்குச் சொல்லோணுமில்லீங்க?”

“அதை நான் பார்த்துக்கறேன்.”

கையெழுத்துப் போடத் தெரியாததால் கட்டைவிரலை நீட்டினாள். மை தடவி, காகிதத்தில் அழுத்தியது நான்.

மறுநாள் காலையில் அறுவை நடந்தது. மதியம் ஆஸ்பத்திரிச் சிப்பந்தி ஒருவர் வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து, “எடுத்துட்டுப் போய்ப் பொதைக்கிறீங்களா, நாங்களே பாத்துக்கட்டுங்களா?” என்றார். நான் கையை நீட்டிவிட்டேன். அது இவ்வளவு கனக்கும் என்று நினைக்கவில்லை. ஜட்கா வைத்துக்கொண்டு மயானத்துக்குப் போனேன்.

குழி வெட்டுகிறவர் மண்வெட்டியோடு வந்து, மூட்டையைப் பார்த்துவிட்டு, “கொளந்தைங்களா?” என்றார்.

“இல்லை. கால்.”

“ஆளு எங்கீங்க?”

“ஆஸ்பத்திரியில.”

“உசுரோட இருக்கறாங்களா?”

“இருக்கறாள்.”

அவர் துணியை விலக்கிப் பார்த்தார். பார்க்காமல் எதையும் புதைக்கக் கூடாது என்று உத்தரவாம். குதிகால் வெடிப்பில் எங்கள் வயலின் மண் இன்னும் இருந்தது. விரல் நகங்கள் பாதி வளர்ந்து, மருதாணிச் சிவப்பு நுனிக்கு ஏறியிருந்தது. “வயசுப் புள்ளைங்களா?” என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லுமுன் குழி வெட்ட ஆரம்பித்தார். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

பதினோராவது நாள் காலை நான் நாற்காலியில் இருந்தேன். சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போய்வருவேன். எடுத்த எலும்பிலிருந்து ஒரு துண்டை டாக்டர் மதராசுக்கு அனுப்பியிருந்தார். கார்த்திகையில் ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார்.

“பதில் வந்துவிட்டது. முதல் வகைதான். சுரண்டி எடுத்திருந்தால் போதும்.”

அவர் அந்தக் காகிதத்தை மடித்து மேஜையில் வைத்தார்.

“நீங்கள் வற்புறுத்தினாலும் கத்தி என் கையில் இருந்தது. நான் மறுத்திருக்க வேண்டும். என் பங்கு அது. உங்கள் தங்கையிடம் நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுமா?”

“நானே சொல்றேனுங்க.”

நான் சொல்லவில்லை. புண் ஆறியதும் அவளை எங்கள் சூரமங்கலம் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அக்குளில் வைக்கும் கட்டைக்கோல் இரண்டு செய்துகொடுத்தேன். சமையலறையிலிருந்து வாசல்வரை நடக்கப் பழகினாள். இல்லாத பாதம் அரிக்கிறது என்பாள். என் மனைவி எதைச் சொறிவது என்று தெரியாமல் கட்டிலின் வெறும் விரிப்பைத் தடவிக்கொடுப்பாள்.

மார்கழி தொடக்கத்தில் புண்ணைக் காட்டுவதற்கு அவளை அழைத்துப் போனேன். டாக்டர் நான் சொல்லியிருப்பேன் என்று நம்பி, கட்டைப் பிரித்துக்கொண்டே அவளிடம், “இனிமேல் உனக்குப் பயமில்லை அம்மா. கெட்ட கட்டி இல்லை என்று மதராசிலிருந்து எழுதிவிட்டார்கள். காத்திருந்திருந்தால் காலையும் காப்பாற்றியிருக்கலாம்” என்றார்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அவரிடம் கேட்டாள்: “எத்தனை நாள் காத்திருக்கோணுமுங்க?”

“மூன்று வாரம்.”

“எங்கண்ணன்கிட்டச் சொன்னீங்களா?”

டாக்டர் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். “சொன்னேன்” என்றார்.

ஜட்காவில் திரும்பினோம். வீட்டுக்கு வந்து, என் மனைவியைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்துக்கொண்டு கேட்டாள்.

“ஏனுங்கண்ணா, மூணு வாரத்துல அப்பிடி என்ன வந்துச்சுங்க?”

ஏதேதோ சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு, “நெசத்தச் சொல்லுங்க” என்றாள்.

“லீவு இல்லை அம்மிணி.”

என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். தங்கை தலையை ஆட்டினாள், கடைக்காரர் சொன்ன விலையை ஒப்புக்கொள்வதுபோல. “சரீங்க” என்றாள்.

தை பிறக்குமுன் ராசிபுரத்திலிருந்து மாப்பிள்ளையின் தகப்பனார் வந்தார். நான் ஒன்றும் எழுதவில்லை, செய்தி அவர் காதுக்கு எப்படியோ போயிருந்தது. மரியாதையான மனுஷர். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மழையைப் பற்றிப் பேசினார், நெய் விற்கிற நிலவரம் பேசினார், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் தவித்தார். தங்கை உள்ளேயிருந்து கட்டைக்கோல் இல்லாமல், கையை ஊன்றித் தரையில் தேய்த்துக்கொண்டே வந்தாள். அவள் நடக்கத் தெரிந்தவள். நான் பார்க்க வேண்டும் என்றுதான் அப்படி வந்தாள்.

“எப்பிடீம்மா ஆச்சு?” என்றார் அவர்.

“ஒண்ணுமில்லீங்க மாமா. மூணு வாரம் இருந்திருந்தா கால் இருந்திருக்குமுங்க. எங்கண்ணனுக்கு லீவு முடிஞ்சு போச்சுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். சொம்புத் தண்ணீரைத் தொடாமல் எழுந்து, “வாரேனுங்க” என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

அம்மா அவளை ஊருக்குக் கூப்பிட்டாள். அவள் போகவில்லை. எங்களோடு நாலு வருஷம் இருந்தாள். ஆபீஸ் சிநேகிதர்கள் வந்தால், கேட்கிறவர்களுக்கெல்லாம் அதே வார்த்தைகளில், அதே நிதானத்தில் சொன்னாள். குரல் உயர்ந்ததில்லை, கண் கலங்கியதில்லை. வருகிறவர்கள் குறைந்தார்கள், பிறகு நின்றார்கள். கட்டைக்கோலில் அவள் என் மனைவியைவிட வேகமாக நடப்பாள். ஆனால் நான் ஆபீசிலிருந்து வந்ததும் கொல்லைக்குப் போக வேண்டும் என்பாள், தூக்கிக்கொண்டு போகச் சொல்வாள். நான் தூக்குவேன். அந்த நேரத்தில் அவள் என் முகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். எனக்குக் கோபம் வந்த நாட்கள் உண்டு. ஒரு நாள் வேண்டுமென்றே வேகமாக இறக்கிவைத்தேன். குறைக்கால் கல்லில் இடித்து, பழைய தையல் ஓரத்தில் ரத்தம் கசிந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “இப்பத்தான் சரியா இருக்குதுங்க” என்றாள். என் மனைவி அந்த வாரமே தன் தகப்பன் வீட்டுக்குப் போய், இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தாள்.

அம்மா இறந்த பிறகு தங்கை ஜேடர்பாளையத்துக்குத் திரும்பினாள். பண்ணையம் முழுவதையும் கையில் எடுத்துக்கொண்டாள். ஆட்களை வரப்பில் நின்றபடி வேலை வாங்கினாள். தாமதமாக வந்தவனை அன்றைக்கு வேலைக்குச் சேர்ப்பதில்லை, வீட்டில் யாருக்கு என்ன நோவு என்று அவன் சொன்னாலும். ஊரில் அவளைக் கண்டால் பயப்பட்டார்கள். முன்பு அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

ஒரு சித்திரையில் போயிருந்தபோது நான் மன்னிப்புக் கேட்டேன். வெற்றிலைக் கொடிக்கால் ஓரத்தில் இருவரும் நின்றிருந்தோம். அவள் கொடியில் பழுத்த இலைகளைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“மன்னிச்சா உங்களுக்கு நல்லா இருக்குங்களா?” என்றாள்.

“இருக்கும் அம்மிணி.”

“அப்ப வேண்டாமுங்க.”

இலையைக் கிள்ளுவதை அவள் நிறுத்தவில்லை. மதியச் சோற்றுக்கு இருந்துவிட்டுப் போகச் சொன்னாள். நான் இருந்தேன். புளிக்குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் வைத்திருந்தாள். எனக்குப் பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கிறவரைக்கும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.