இடது கையிலும் நிற்காத பந்து

மரியதாஸ் அண்ணனின் வலது கையில் றப்பர் பந்தை வைத்தேன். அது உருண்டு என் காலடியில் விழுந்தது. ஸ்கான் மெஷினுக்குள் படுத்திருப்பவருக்கு மூச்சு முட்டினால் அந்தப் பந்தை அமுக்க வேண்டும். வெளியே மணி அடிக்கும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மன்னார் ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளிகளை வெளியூர் ஸ்கானுக்குக் கூட்டிப்போகும் சிற்றூழியன். பயந்த சுபாவம். அம்புலன்ஸ் பாலம் தாண்டும் முன்பே எல்லாவற்றையும் இரண்டு தரம் தொட்டுப் பார்ப்பேன்.

அண்ணன் ஓலைத்தொடுவாய்க்காரர். வலது கை மெலிந்து, வலை இழுக்க முடியாமல் போய்விட்டது. அந்தத் தோளில் சண்டைக்காலத்தில் வெடித்த செல்லின் இரும்புத் துண்டு ஒன்று கிடந்தது. காந்தம் இரும்பை இழுக்கும் என்பதால், எங்கள் ஆட்களிடம் மோதிரத்துக்கு முன் இதைத்தான் கேட்போம். எக்ஸ்ரே பார்த்த டொக்டர், பயமில்லை, ஸ்கான் எடுக்கலாம் என்றார். நான் இன்னொரு தரமும் கேட்டுப் பார்த்தேன்.

அண்ணனுக்கோ அந்தத் துண்டுதான் நம்பிக்கை. "இதுதான் நரம்பை அமத்துது தம்பி. வெட்டி எடுத்தா, நான் திரும்பக் கடலுக்குப் போவன்" என்றார் வழியில்.

"இவ்வளவு காலமும் சும்மா கிடந்தது இப்பதானோ கண் முழிச்சது?" என்றார் அவர் மனைவி பிலோமினா அக்கா.

"உன்ர வாயும் கலியாணத்துக்குப் பிறகுதானே திறந்தது."

அக்கா சிரித்துவிட்டார்.

இப்போது அக்கா ஸ்கான் அறைக்கு வெளியே இருந்தார். நான் பந்தை அண்ணனின் இடது கையில் வைத்தேன். விரல்கள் மெல்ல மடங்கின. பந்து அமுங்கவில்லை. திரும்பவும் விழுந்தது.

"எப்ப இருந்து அண்ணன்?"

"மாதா திருவிழாவுக்கு முன்னமே. அவளிட்டச் சொல்லிப்போடாதைங்கோ. வலப்பக்கத் துண்டு இடது கையை என்ன செய்யும் எண்டு கேப்பாள்."

எனக்கும் அதே கேள்விதான்.

அனுமதி வாங்கி, பெல்ட்டையும் மணிக்கூட்டையும் கழற்றிவைத்து, காதை அடைத்துக்கொண்டு உள்ளேயே நின்றேன். அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். "ஏலாட்டி உதையுங்கோ."

"ஆஸ்பத்திரிக்காரனை உதைக்க இப்பதான் ஒரு சான்ஸ்."

மெஷின் தகரத்தில் அடிப்பதுபோல் அடித்தது. ஒரு தரமும் அவர் உதைக்கவில்லை.

பிறகு டொக்டர் எங்கள் மூவருக்கும் படத்தைக் காட்டினார். மூளையிலிருந்து கை கால்களுக்கு இறங்கும் பாதை இரண்டு பக்கமும் வெள்ளையாகத் தெரிந்தது. மற்றச் சோதனைகளும் அதையே சொல்கின்றன என்றார். "அந்த நரம்புப் பாதைதான் தேயுது ஐயா. துண்டில பிழையில்லை."

"அப்ப துண்டை எடுத்தாலும்?"

"பிரயோசனம் இல்லை. சுகமாக்க மருந்தும் இல்லை. கால், பேச்சு எல்லாம் மெல்ல மெல்லக் குறையும்."

திரும்பி வரும்போது பாலத்தில் காற்று ஏறியது. அக்கா அவருடைய வலது தோளில், துண்டு கிடக்கும் இடத்தில், கையை வைத்துத் தடவிக்கொண்டே வந்தார்.

"இதாயே இருந்திருக்கக் கூடாதோ" என்றார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஸ்கான் அறைக்குப் போகும் முன்பே, வீட்டார் இல்லாத இடத்தில், இரண்டு கையிலும் பந்தை வைத்துப் பாருங்கள். அமுக்க ஏலாதவரோடு ஆள் நிற்க ஒழுங்கு செய்யுங்கள்.

நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் இரண்டாவது கையில் பந்தை வைக்கும்போது அவர்களின் முகத்தைப் பார்ப்பதில்லை. பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.