கியர் தண்டில் ஒரு எலுமிச்சை

எழுபதுகளில், சித்தூரை விட்டுப் போன வெள்ளைக்கார டாக்டரிடம் ஒரு பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கியிருந்தேன். ஒரு ஞாயிறு காலை, திருப்பதி போய்வந்த பக்கத்து வீட்டு லட்சுமம்மா, ஸ்டீயரிங் பக்கத்திலிருந்த கியர் தண்டில் எலுமிச்சம்பழம் கட்டிவிட்டார். சர்ச் சபையார் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று, வழியில் அதைத் தண்டுக்குப் பின்னால் திணித்து மறைத்தேன்.

சர்ச் மேட்டில் நிறுத்தினால், வண்டியை நகராமல் பூட்டும் ‘பார்க்’குக்குக் கியர் போகவில்லை. ஹேண்ட் பிரேக்கும் பிடிக்கவில்லை. பின்னால் ஜனங்கள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். பிரேக்கை மிதித்தபடியே போதகரைக் கூப்பிட்டேன்.

அவர் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு உள்ளே குனிந்தார். “பழத்த இங்க சொருகிக்கினு பார்க் போட்டா எப்படிப்பா விழும்?”

பிடுங்கினேன். சாறு கையில் வழிந்தது. கியர் விழுந்தது.

“பக்கத்து வீட்டம்மா கட்டினாங்க” என்றேன்.

“உனக்காக வேண்டிக்கினு கட்டியிருக்காங்க. அத ஏன் மறைக்கிற?” என்று அதை வாங்கி, முன் பம்பரில் கட்டினார்.

ஜெபத்துக்குக் கைகூப்பியபோது விரல்களில் எலுமிச்சை மணத்தது. அன்றுதான் என் ஜெபத்தில் லட்சுமம்மா பேரை முதன்முதலாகச் சொன்னேன்.