இலேசான கேபிள்

அத்தானைத் தெருவில் எல்லாரும் 'எடைக்கல்' என்றுதான் சொல்வார்கள். லிப்ட் மெக்கானிக். ஞாயிறு வந்தால், பேசவும் கேட்கவும் முடிகிற ரேடியோ செட்டைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிடுவார். பைக்குள் போகும் ஒவ்வொன்றையும் அடுக்களைத் தராசில் நிறுத்துப் பார்ப்பார். பல் பிரஷின் பிடியைக்கூடப் பாதியாக அறுத்துவிட்டார். அப்படிப்பட்ட மனிதர், செட்டிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்சியல் கேபிளை மட்டும் விரல் தடிமனில் பன்னிரண்டு மீட்டர் சுமந்தார். கிட்டத்தட்ட இரண்டு கிலோ.

அக்காவுக்கு அது கண்ணை உறுத்தியது. இருவரும் ஒன்றாக அமெச்சூர் ரேடியோ பரீட்சை எழுதியவர்கள். அக்கா முதல் தடவையே பாஸ்; அத்தான் இரண்டாம் தடவை. இதய நோய் வந்து அவளால் மலையேற முடியாமல் போன பிறகு, ஞாயிறு நாலு மணிக்கு அவர் உச்சியிலிருந்து கூப்பிடுவார், இவள் வீட்டிலிருந்து பதில் சொல்வாள். மலையில் கைபேசி எடுக்காது.

"மூட்டு தேயுது உங்களுக்கு. அந்த மெல்லிசு கேபிளை வாங்குங்க, நூத்தைம்பது கிராம்தான்."

"மெல்லிசு கேபிள் பாதி சிக்னலைத் தின்னுடும்."

"தின்னட்டும். நீங்க தின்னறதை விடவா?"

அவர் சிரித்துக்கொண்டே தோற்றார். அவளிடம் தோற்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

மெல்லிசு கேபிளோடு அவர் போன முதல் ஞாயிறு, அக்காவுக்குத் துணையாக நான் இருந்தேன். மூன்றே முக்காலுக்கு அவளுக்கு மூச்சு முட்டியது. ஆம்புலன்சைக் கூப்பிட்டேன். மேசையிலிருந்த பெரிய செட்டுக்கு எழுந்து போக முடியாமல், பக்கத்திலிருந்த சக்தி குறைந்த சின்னக் கைசெட்டுக்குக் கை நீட்டினாள். நாலு மணிக்கு அத்தான் குரல் கணீரென்று வந்தது.

"சீக்கிரம் வாங்க," என்றாள்.

"நீ பேசறது தெரியுது, என்னன்னு புரியல. திரும்பச் சொல்லு."

மூன்று முறை சொன்னாள். நான் பெரிய செட்டுக்கு ஓடினேன். எனக்கு அந்தச் சனியனைக் கண்டாலே எரிச்சல். எது எந்தப் பொத்தான் என்று கற்றுக்கொண்டதே இல்லை. திருகிக்கொண்டிருக்கும்போதே, "சரி, கேபிள் தின்னுடுச்சு. வந்து பேசிக்கலாம்," என்று அத்தான் சிரித்துவிட்டுச் செட்டை அணைத்துவிட்டார்.

ஆம்புலன்ஸ் வந்தும் பயனில்லை; ஐந்து மணிக்கு அக்கா உயிர் போய்விட்டது. அவர் வழக்கம்போல ஆறரைக்கு வந்தார்.

சில நாள் கழித்து அந்தக் கேபிளை மீட்டரில் மாட்டி அளந்துகொண்டிருந்தார். "சிக்னல் பாதிக்கு மேல போகுது. தெரிஞ்சேதான் எடுத்துட்டுப் போனேன்," என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்: "அவ என்னடா சொன்னா?"

அவரிடம் அதுவரை நான் பொய் சொன்னதில்லை.

"மெதுவா இறங்குங்கன்னு சொன்னா அத்தான். மூட்டு பத்திரமாம்."

"அப்படித்தான் சொல்லுவா," என்றவர் உடைந்து அழுதார்.

இப்போதும் ஞாயிறுதோறும் போகிறார், பழைய தடித்த கேபிளோடு. நாலு மணிக்குக் கூப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பாராம். வீடு திரும்ப ஏழு, ஏழரை ஆகிவிடுகிறது. ஏன் இவ்வளவு நேரம் என்றால், அவள் சொன்னாளே என்று மெதுவாக இறங்கினாராம்.