கோர்ட் கலையும் வரை

டவாலி வேலை என்றால், குற்றம் செய்யாமலே தினமும் கோர்ட்டில் நிற்கிற வேலை. அரசாங்கச் சம்பளத்தில் கால் கடுத்தவர்களுக்கு இது புரியும்.

குரல்

கம்பம் பக்கத்து மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெயர் கூப்பிடுவது நான்தான். ‘கருப்பையா’ என்று இங்கே கூப்பிட்டால் மேகமலையில் கொழுந்து பறிக்கிற கருப்பையா கூடையைப் போட்டுவிட்டு ஓடிவருவான். நம்பாதவர்கள் மலையேறிக் கேட்டுக்கொள்ளலாம். ஒருநாள் மாஜிஸ்திரேட்டே பேனாவை வைத்துவிட்டார்.

“யோவ், ஒரு ஆளைக் கூப்பிடச் சொன்னா ஊரையே கூப்பிடுறியே!”

பெஞ்சு

சின்னக் குற்றத்துக்கு ‘கோர்ட் கலையும் வரை காவல்’ என்றொரு தண்டனை உண்டு. அபராதத்தைக் கட்டிவிட்டு, மாஜிஸ்திரேட் எழுந்து போகும்வரை பின்பெஞ்சில் உட்கார வேண்டும். அவ்வளவுதான். அதற்கே காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் முள்ளில் உட்கார்ந்தவர் மாதிரி நெளிந்தார்.

“ஏண்ணே, இந்த அய்யாவுக்குப் பசியே எடுக்காதா?”

பேச்சியும் புருஷனும்

கேரளாவுக்கு அரிசி கொண்டுபோகத் தடை இருந்த காலம். கூடலூர்ப் பேச்சியும் அவள் புருஷன் மாயாண்டியும் குமுளி ஏற்றத்தில் ஆளுக்கொரு சிப்பத்தோடு பிடிபட்டார்கள். இருவருக்கும் பெஞ்சுதான். மாயாண்டிக்கு மலைமேல் ஏலத்தோட்டத்தில் வேலை, எப்போதாவதுதான் இறங்குவான். அட்டை கடித்த அவன் காலைப் பார்த்துப் பார்த்து அவள் ஏதோ திட்ட, அவன் சிரிக்க, எனக்கே எட்டிப் பார்க்க ஆசை. நடுவில் என்னிடம் வந்தாள்.

“இன்னைக்குக் கேஸு கம்மியாண்ணே? வீட்டுல மாமியா, நாத்தனா, கொழுந்தன்னு கூட்டம். இப்பிடி ஒக்காந்து பேசி எம்புட்டு நாளாச்சு!”

அப்புறம் நான் கூப்பிட்ட பெயர்கள் எல்லாம் ராகம் போட்டு, மாட்டுவண்டி வேகத்தில்தான் வந்தன. ஒரு சாட்சியை வாசலிலேயே நிறுத்தி ஊர், உறவு எல்லாம் விசாரித்தேன். மாஜிஸ்திரேட் முறைத்தார். கடைசியில் அவர் எழுந்ததும் பேச்சி என்னைப் பார்த்தாள்.

“அதுக்குள்ளயா?”

இரக்கம்

அப்புறமும் அவர்கள் பிடிபட்டார்கள். அரிசியை மறைக்காமல் செக்போஸ்ட் வாசல் வழியாகவே போனார்கள் என்று போலீஸ்காரர் சொன்னார். இப்போது வந்திருந்தவர் புது மாஜிஸ்திரேட். திரும்பத் திரும்பச் செய்கிற குற்றத்துக்குத் தண்டனை ஏற வேண்டும் என்று மாயாண்டிக்கு ஒரு மாசம் ஜெயில். பெண் என்பதால் இரக்கம் காட்டி, பேச்சிக்கு மட்டும் கோர்ட் கலையும் வரை.

“எனக்கெதுக்கு அய்யா எரக்கம்? அவுக போற எடத்துக்கே என்னையும் அனுப்பிருங்க.”

“ஜெயில்ல ஆம்பளைக்குத் தனி, பொம்பளைக்குத் தனிம்மா” என்றார் அவர்.

மாயாண்டியை வேனில் ஏற்றினார்கள். பேச்சி பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஓர் ஆள் இடம் காலி. யாரோ அங்கே உட்காரப் போக, முந்தானையை விரித்துப் போட்டாள். நான் பெயர்களைக் கடகடவென்று கூப்பிட்டு முடித்தேன். கோர்ட் கலைந்தது. விளக்கு, விசிறி எல்லாம் நிறுத்தியும் அவள் எழவில்லை. “ஆத்தா, தண்டனை முடிஞ்சிருச்சு, கெளம்பு” என்றேன்.

“வீட்டுக்குப் போயி யாருகூடண்ணே ஒக்கார?”

எத்தனையோ கடுங்காவலைக் காதால் கேட்டவன் நான். ஆனால் அதிகமாக வலித்தது, இரக்கப்பட்டுக் கொடுத்த அந்த ஒன்றுதான்.