டீசலக்காவின் சாக்பீஸ் கோடு

வண்டி வந்து நின்றதும் டீசலக்கா பானெட்டைத் திறப்பதில்லை. குந்தி உட்கார்ந்து, சக்கரத்தருகே மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். கருகிய வாடை வந்தால் முகம் மலர்ந்துவிடும். "வேல இருக்கு!" என்று தொளதொள சட்டையின் கைகளை மடித்துவிட்டுக்கொள்வார்.

வயது ஐம்பது. நகங்களுக்குச் சிவப்புச் சாயம். கிரீஸுக்கு அடியில் அது யாருக்கும் தெரியாது. "எனக்குத் தெரியுமில்ல, போதும்" என்பார். ஊரிலுள்ள பழைய டீசல் பிக்கப் வண்டிகளுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கும் இவருக்கு, வண்டியில் ஏறினாலே வாந்தி வரும். வீட்டுக்கும் பட்டறைக்கும் சைக்கிள்தான். பட்டறையின் மறுபாதியில் கணவர், அக்காவின் ஓயாத பாட்டைக் கேட்டபடி, வண்டிகளுக்கு சீட் தைக்கிறார்.

"பாட்டை நிறுத்தேன், தையல் கோணலாப் போகுது."

"உங்க கை கோணல். என் பாட்டு மேல பழி போடாதீங்க."

நான் போயிருந்த அன்று கல்குவாரி முதலாளி ஒருவர் தம் பிக்கப்போடு வந்திருந்தார். பின்னால் கல் மூட்டைகள். டிரைவர் கைகட்டி ஓரமாக நின்றார்.

"மேட்டுல இழுக்க மாட்டேங்குதும்மா. என்ஜினைக் கொஞ்சம் தட்டி எழுப்பி விடு. இன்னும் பாதி லோடு கூடுதலா ஏத்தணும்."

"இன்ஜெக்டர மாத்தி, டர்போவச் சுத்தம் பண்ணி, பம்பச் சரி பண்ணா கெழவன் குதிரையாயிடுவான் முதலாளி. ஏறின குதிரை எறங்கணுமே?"

"பிரேக்கெல்லாம் பிடிக்குது. இவனுக்குத்தான் பயம். போன வாரம் லோடோட எறங்க மாட்டேன்னு பாதி மலையில நிறுத்திட்டு நடந்தே வந்துட்டான். வண்டிக்கும் இவனுக்கும் ராசியில்ல. நாளையிலேர்ந்து வேற ஆள்."

அடுத்தவன் உயிரைப் பணயம் வைத்துவிட்டு, மறுப்பவனைக் கோழை என்பதும், தேய்ந்த இரும்புக்கு ராசி என்று பெயர் சூட்டுவதும் முதலாளிகளுக்குக் கைவந்த கலை. டீசலக்கா அந்த ராசியைத் தேடிச் சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் டிஸ்க்கில் விரல் பதியும் பள்ளம். பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய் உப்பியிருந்தது. தேய்ந்துபோன பிரேக் பேட் ஒன்றை உருவி முதலாளியின் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"இந்தாங்க உங்க ராசி. ரெண்டு மில்லிமீட்டர் தடிமன் கூட இல்ல."

"அத அப்புறம் பாத்துக்கலாம். இப்ப என்ஜின் மட்டும்."

"உங்க இஷ்டம்" என்று சக்கரத்தை மாட்டினார் அக்கா. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. பட்டறைக்கு முன்னால் தெரு சரிவாக இறங்குகிறது. அதன் அடியில் சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். லோடு வண்டி மேலிருந்து இறங்கி வந்து கோட்டுக்கு முன்னால் நிற்க வேண்டும். பிரேக் சரியாக இருக்கிறது என்று சொல்பவர் யாரோ, அவர் கோட்டில் நிற்க வேண்டும்.

"வாங்க முதலாளி, இங்க நில்லுங்க. தம்பி, நீ மேலேர்ந்து வண்டிய விடு."

முதலாளி சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. தையல் மெஷின் நின்றது. டிரைவர் முதல்முறையாக நிமிர்ந்து, "மெதுவாத்தான் வருவேன் முதலாளி" என்றார், மிகுந்த பணிவோடு.

முதலாளி சரிவைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், தம் வயிற்றைப் பார்த்தார்.

"ரெண்டையும் சேத்தே பண்ணிடும்மா."

"வண்டிய யாரு ஓட்டுறது?"

"இவனே ஓட்டட்டும்."

"அப்ப ராசி?" என்றார் கணவர், ஊசியில் நூல் கோத்தபடி.

வேலை ஒரு வாரம் நடந்தது. பெரிய டிஸ்க், புது பேட், புதுக் குழாய்கள். அதற்குப் பிறகே அக்கா என்ஜினைத் தொட்டார். கரும்புகை கக்கிய வண்டி, தொண்டையைச் செருமிச் சரிசெய்துகொண்ட பாகவதர் மாதிரி கணீரென்று உறுமியது.

சோதனை. மூட்டைகளோடு வண்டி சரிவின் உச்சியில் நின்றது. கோட்டின் மேல் அக்கா.

"அக்கா, ஓரமா நில்லுங்களேன்!" என்று டிரைவர் ஜன்னல் வழியே கத்தினார்.

"வாடா தம்பி! என் கைவேலை மேல சந்தேகமா?"

வண்டி இறங்கியது. அக்கா அதற்கு முதுகைக் காட்டி நின்று, இனி எந்த ஆயில் ஊற்ற வேண்டும் என்று தள்ளி ஓரமாக நின்ற முதலாளிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். முதலாளியின் காதில் ஒரு சொல்லும் ஏறவில்லை. டயர்கள் ரோட்டில் கிறீச்சிட்டன. பிறகு சத்தமே இல்லை.

அக்கா பேச்சை நிறுத்தாமல், திரும்பிப் பார்க்காமல், அரை அடி பின்னால் நகர்ந்து பானெட்டில் சாய்ந்துகொண்டார்.